கலப்பில்லாத பக்கம்

பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண் சொல்லுங்கள் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் உடனே சொல்வதில்லை. முதலில் ஓர் உவமை வரும். தேள் கொட்டின மாதிரி என்பார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் தெறித்துத் தோல் வெந்த மாதிரி என்பார்கள். அதை எண்ணாக மாற்றுவது என் வேலை. அந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன் என்று ஆய்வை நடத்தும் பாலசுந்தரம் சாரே சொல்லியிருக்கிறார். இப்போது கேட்டால் அப்படிச் சொல்வாரா என்று தெரியவில்லை.

நடந்ததை என் நடையிலேயே எழுதித் தரும்படி விசாரணைக் குழுவில் நீங்கள் கேட்டீர்கள். எழுதுவது எனக்குச் சிரமம் இல்லை. மாலை வகுப்பு முடிந்து அறைக்கு வந்ததும் அன்றைய நாளைப் பற்றி அரைப் பக்கமாவது எழுதிவிட்டுத்தான் படுப்பேன். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவது என் வழக்கம். எது சரி என்று ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும். இதில் முடிந்தவரை அடித்தல் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

உங்கள் குழுவில் வழக்கறிஞர் அம்மா ஒருவரும் இருப்பதால், எங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இனிக் குணமாகாது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் கடைசி மாதங்களைப் பற்றியது அது. வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் அவர்கள் வீட்டுக்கே போகிறார். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுக்கிறார். எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லித்தருகிறார். இதற்கு அரசு செலவு செய்தால், அந்தச் செலவுக்கு ஈடாக எவ்வளவு வலி குறைகிறது, எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்காமல் தப்புகின்றன? அதைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டால் எல்லா மாவட்டங்களுக்கும் அந்த ஏற்பாட்டைக் கேட்கலாம். அதுதான் நோக்கம். நல்ல நோக்கம் என்று இன்றும் நம்புகிறேன்.

கணக்கிட வேண்டுமானால் நர்ஸ் போகும் ஊர்களும் வேண்டும், போகாத ஊர்களும் வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்து ஊர்கள் முதல் வகை. அங்கே மர்ஜியா போனார். அவர் லெப்பைக்குடிகாட்டுக்காரர், நர்சிங் படித்தவர். அரியலூர் மாவட்டத்து ஊர்கள் இரண்டாவது வகை. அங்கே ஒன்றரை வருடம் கழித்துத்தான் நர்ஸ் வருவார் என்று ஏற்பாடு. அதுவரை போவது நான் மட்டும். போவேன், கேட்பேன், குறித்துக்கொள்வேன், வந்துவிடுவேன். இருந்தாலும் பல வீடுகளில் என்னை நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன்.

சென்னையில் உட்கார்ந்து வரைபடத்தை இரண்டாகப் பிரித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. அரியலூர்ப் பக்கத்துப் பெண்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். அங்கிருந்து இங்கேயும் வந்திருக்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் வந்த மருந்தைப் பற்றி அடுத்த விசேஷத்துக்குள் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும். முதல் கூட்டத்திலேயே இது எனக்குத் தோன்றியது. எல்லோரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் சந்தேகம் அசட்டுத்தனமாகப் போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஊர்களை வேறு மாதிரி பிரித்திருப்பார்கள். அதனால் இந்தத் தவறில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். பின்னால் நான் செய்ததெல்லாம் இந்த ஒரு தவறைச் சரிசெய்வதற்காகத்தான்.

சின்னப்பிள்ளை அம்மாவின் ஊர் உடையார்பாளையத்திலிருந்து முந்திரிக் காட்டுக்குள் போகிற மண்பாதையில் இருக்கிறது. வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். கர்ப்பப்பையில் வந்த புற்று இடுப்பு எலும்புக்கு இறங்கியிருந்தது. திருச்சியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவர் பாவாடை, முந்திரிக் காடு குத்தகைக்கு எடுக்கிறவர். ஒரே மகள் கவிதா, பெரம்பலூர்ப் பக்கத்துக் குரும்பலூரில் கட்டிக்கொடுத்திருந்தது.

எண்ணில் சொல்லத் தெரியாதவர்களுக்காக நானே ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தேன். பத்து முந்திரிக்கொட்டைகளைப் பாயில் பரப்புவேன். உங்கள் வலி இதில் எத்தனை, அதை என் பக்கம் தள்ளுங்கள் என்பேன். இந்த முறை பாலசுந்தரம் சாருக்கு மிகவும் பிடித்துப்போய், ஒரு கருத்தரங்கில் அதைப் படமாகக் காட்டினார்.

சின்னப்பிள்ளை அம்மா கொட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம் பொண்ணே, முந்திரிக் காட்டுலயே காலந்தள்ளுனவகிட்ட கொட்டையக் கொண்டாந்து நீட்டுறியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"உங்க வலி எத்தனை கொட்டைன்னு தள்ளுங்க பெரியம்மா."

அவர் பத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளினார். "பத்துதான் கொண்டாந்தியா? ஏங்க, அந்த மூட்டைய இங்க இழுத்துட்டு வாங்க. பாப்பாவுக்குக் காணலையாம்."

"ஒனக்கு எல்லாத்துலயும் வெளையாட்டுதான்," என்றார் பாவாடை வாசலிலிருந்து.

"வலிக்கிறப்ப வெளையாடாம பின்ன எப்ப வெளையாடறது? செத்தப்புறமா?"

சொல்லும்போதே அவர் கை பாயின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. பேச்சு நின்றபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். கடித்த இடத்தில் பழைய காயம் இருந்தது. நான் பத்து என்று குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் குறிக்க இடமில்லை.

அடுத்த தடவை போனபோதும் பத்து. அதற்கடுத்த தடவையும் பத்து. மெடிக்கல் கடையில் பாவாடை வாங்கிவந்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின, வலியைத் தொடவில்லை. ஆனாலும் நான் போனால் அந்த அம்மா பேசுவார். எனக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றிக் கேலி செய்வார். "கணக்குப் படிச்சவளுக்குக் கணக்கு பாக்குற மாப்பிளதான் வருவான். ரெண்டு பேரும் ராத்திரியெல்லாம் கூட்டிக் கழிச்சுக்கிட்டே கெடங்க," என்பார். கேலி செய்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்போது நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதற்கு முன் வேறு ஒரு கம்பெனியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். அங்கே நான் கொண்டுவந்த மொத்தத்தையும் தள்ளிவிட்டார்கள். பதில் சொல்லத் திணறியவர்களுக்கு நான் எடுத்துக்கொடுத்துவிட்டேனாம். உதவி செய்கிறேன் என்று நினைத்து வேலையைக் கெடுத்துவிட்டாய் என்று அந்த மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கப்புறம்தான் பெரம்பலூரில் புள்ளியியல் மாலை வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்வேன். அங்கே கலப்பு என்று ஒரு பாடம் உண்டு. மருந்து கொடுக்காத பக்கத்தில் ஒருவருக்கு மருந்து போய்ச் சேர்ந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மங்கும். வித்தியாசம் மங்கினால் மருந்தால் பயனில்லை என்று முடிவு வரும். பயனில்லை என்று முடிவு வந்தால் யாருக்குமே மருந்து கிடைக்காது. படிப்படியாக யோசித்தால் இதில் தவறு ஒன்றும் இல்லை. நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய வேறு ஆய்வுகளில் வேலை பார்ப்பவர்களும் வந்திருந்த மாதக் கூட்டத்தில் பாலசுந்தரம் சார் சொன்னார்: "எல்லார் வேலையிலயும் ஏதோ ஒண்ணு கலந்து கெடக்கு. மேகலா பக்கந்தான் சுத்தமா இருக்கு. எல்லாரும் அவங்கள மாதிரி பண்ணுங்க." என்னைப் பற்றி யாரும் அதுவரை இப்படிப் பேசியதில்லை. அன்று எழுதிய அரைப் பக்கத்தில் நான் எதையும் அடிக்கவில்லை.

கவிதாவை நான் முதலில் பார்த்தது வைகாசியில். அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். குரும்பலூரில் அவளுடைய மாமனார் சிங்காரவேலுவுக்கு ஈரலில் புற்று. அந்த வீட்டுக்கு மர்ஜியா போய்க்கொண்டிருந்தார். மாமனார் சித்திரையில் இறந்திருந்தார்.

"சாவுற அன்னிக்கிக் காலையில மொகம் மழிச்சுக்கிட்டாருக்கா," என்றாள். "டீ கேட்டாரு. சக்கரை கம்மின்னு அத்தையத் திட்டுனாரு. நல்லா இருக்குறவங்க மாதிரியே திட்டுனாரு. மத்தியானம் தூங்குனவரு எந்திரிக்கல. சாவு இப்பிடியும் வரும்னு எனக்கு அப்பத்தான் தெரியும். அந்த நர்சக்காவ ஒரு தடவ இங்க வரச் சொல்லுங்களேன்."

"அவங்க பெரம்பலூர் மாவட்டத்துக்கு மட்டுந்தான்," என்றேன். இது உண்மை.

"அந்த மாத்திரையாவது எங்க கெடைக்கும்னு சொல்லுங்கக்கா."

"உங்க மாமனாருக்கு வந்தது வேற, அம்மாவுக்கு வந்தது வேற. அது இதுக்குக் கேக்காது." இது உண்மையில்லை.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. "அப்ப இதுக்குன்னு ஒண்ணும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். வலிக்கான மாத்திரை எல்லாப் புற்றுக்கும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆடி மாதம் அவள் மறுபடி வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. மாமனார் இறந்தபின் மீந்திருந்த மாத்திரைகளை அவள் மாமியார் ஆனியில்தான் மர்ஜியாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவற்றை வாங்கி அழித்துவிட வேண்டும் என்பது விதி. மர்ஜியா அழிக்கவில்லை. கவிதா அழுததைப் பார்த்து அவளிடமே கொடுத்துவிட்டார். அழித்ததாக ஆபீசில் சொல்லியிருந்தார். இது பெரிய விதிமீறல். என்னை விசாரிக்கிற நீங்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கவிதா மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். மாத்திரை அட்டைகள் தூள் வாசனையோடு இருந்தன.

"எல்லாப் புத்துநோய்க்கும் இதுதான்னு நர்சக்கா சொன்னாங்க. மொதல்ல அரை மாத்திரை குடுத்துப் பாக்கச் சொன்னாங்க," என்றாள். "அப்பாவுக்குப் பயமா இருக்காம். நீங்க பாத்துட்டுச் சொன்னாத்தான் குடுப்பாராம்."

"படிச்ச புள்ள நீ. நீ சரின்னா சரி," என்றார் பாவாடை.

அரை மாத்திரை என்பது சரியான அளவுதான். அப்போது எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சின்னப்பிள்ளை அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் சின்னதாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் வேண்டுமென்று எழுப்பிய சத்தம் இல்லை. நான் என் பக்கத்தைப் பற்றி நினைத்தேன். இந்த வீட்டில் மாத்திரை வேலை செய்தால் அடுத்த வாரத்துக்குள் ஊரெல்லாம் தெரியும். சம்பந்தி வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருட வேலையும் அந்த மிளகாய்த்தூள் டப்பா வழியாகப் போய்விடும்.

"இத யாருகிட்டயும் காட்டலியே?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா."

"இது போதை மருந்து. வீட்டுல வச்சிருந்தாலே கேஸ். அது கெடக்கட்டும். பெரியம்மா இருக்குற நெலமையில இதக் குடுத்தீங்கன்னா மூச்சு நின்னுரும். நீங்களே கொன்ன மாதிரி ஆயிரும்."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். பாவாடை எழுந்துவந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நல்ல வேள வந்த தாயி. கட்டுனவளயே கொன்ன பாவி ஆயிருப்பேன்."

வயதில் அவ்வளவு பெரியவர் கும்பிட்டது சங்கடமாக இருந்தது. பொட்டலத்தை என் பையில் வைத்துக்கொண்டேன். பத்திரமாக ஒப்படைத்துவிடுகிறேன் என்றேன். அவர் கடைக்குப் போய் எனக்குக் கலர் வாங்கிவந்தார். கவிதா தண்ணீர் எடுக்கப் போனாள்.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சின்னப்பிள்ளை அம்மா கண்ணைத் திறந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நெசமாவே மூச்சு நின்னுருமா?"

"ஆமா பெரியம்மா."

"அப்ப குடு."

நான் வாசலைப் பார்த்தேன்.

"அவருக்குத் தெரிய வேணாம். கவிதாவுக்கும் வேணாம். தூங்குறப்ப போயிட்டான்னு சொல்லிரு. நீ சொன்னா நம்புவாங்க." கையை நீட்டினார். உள்ளங்கை சூடாக இருந்தது, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "முடியல பொண்ணே. வெளையாட்டுக்குச் சொல்லல."

"அது பாவம் பெரியம்மா," என்றேன்.

"எது?"

அந்தக் கேள்வியை அப்போது நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை. என் பை மடியில் இருந்தது. அரை மாத்திரை கொடுத்திருந்தால் அவர் சாகமாட்டார் என்று எனக்குத் தெரியும். தூங்கியிருப்பார். விழித்ததும் யாரையாவது கேலி செய்திருப்பார். அதுதான் பிரச்சினை. அவர் செத்துப்போவார் என்றால்கூட ஒருவேளை கொடுத்திருப்பேனோ என்று நான் யோசித்ததுண்டு. அவர் நன்றாக இருப்பதைத்தான் என்னால் அனுமதிக்க முடியவில்லை. பாவாடை கலர் பாட்டிலோடு வந்தார். நான் அதைக் குடித்துவிட்டு, அன்றைய கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வலி பத்து.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கழிப்பறைக்குப் போய், மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அட்டையோடு போட்டால் யாராவது எடுத்துத் தவறாகப் பயன்படுத்தக்கூடும். மர்ஜியா செய்யாமல் விட்டதை நான் செய்தேன். அன்று மாலை வகுப்புக்குக்கூட நேரத்தில் போய்விட்டேன்.

சில நாள் கழித்து மர்ஜியா போன் செய்தார்.

"ஏ புள்ள, கவிதாவோட அம்மாவுக்குக் குடுத்தாங்களா? ஒரு சேதியும் இல்ல. நம்மளே போயிட்டு வரலாமான்னு பாக்குறேன். வாப்பா வண்டி சும்மாதான் நிக்கிது."

"குடுத்தாங்க," என்றேன். "நல்லாத் தூங்குறாங்க. நீங்க வந்தா வெளிய தெரிஞ்சிரும், உங்க வேலைக்கே ஆபத்து."

"தூங்குறாங்களா? அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மர்ஜியா. "எனக்கு நாலு நாளா சோறு எறங்கல புள்ள. அந்தப் பொண்ணு அழுத அழுக அப்பிடி. நீ அப்பப்ப பாத்துக்க."

பாத்துக்குறேன் என்றேன். கவிதாவிடம், மர்ஜியாவுக்குப் போன் செய்ய வேண்டாம், செய்தால் அவர் மாட்டிக்கொள்வார் என்று முன்பே சொல்லியிருந்தேன். நன்றியுள்ள பெண். அவள் செய்யவில்லை.

ஆவணி வந்தது. சின்னப்பிள்ளை அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். கொட்டைகளைத் தள்ளவும் கை வரவில்லை. பேச முடியாதவர்களுக்கு முகத்தைப் பார்த்து எண் போடும் முறை ஒன்று உண்டு. நெற்றிச் சுருக்கம், தாடை இறுக்கம், முனகல். அதன்படி போட்டேன். அதிலும் பத்துதான் வந்தது. இரண்டு முறைகளும் ஒத்துப்போவது நல்ல அறிகுறி.

இவ்வளவு வேதனையிலும் உயிர் போகாததைப் பார்த்து, அது எதிலோ நிற்கிறது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றினார்கள். குத்தகைக் காட்டு மண்ணை எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து உதட்டில் விட்டார்கள். பழைய வெள்ளி ரூபாயை உரசி ஊற்றினார்கள். அவர் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததாம். அவரை வேப்பூரிலிருந்து காரில் வரவழைத்துப் பால் ஊற்ற வைத்தார்கள். அதற்கும் போகவில்லை.

"எதுல நிக்கிதுன்னே தெரியலக்கா," என்றாள் கவிதா. "நகையா, காடா, நானான்னு எல்லாத்தையும் காதுல சொல்லிப் பாத்துட்டோம். ஒங்களுக்கு எதுவும் சொல்லுச்சா? ஒங்ககிட்டத்தான் நல்லாப் பேசும்."

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கார் வாடகையையும் மற்றதையும் சடங்குச் செலவு என்ற தலைப்பில் குறித்துக்கொண்டேன்.

அவர் இறந்தது ஆவணிக் கடைசியில். நான் அன்று அங்கே இல்லை. கடைசி இரண்டு நாளும் கத்தியதாகவும், பக்கத்து வீட்டார் பிள்ளைகளை வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டதாகவும் பாவாடை சொன்னார். இறந்தபின் கேட்க வேண்டிய கேள்விகளை முறைப்படி காரியம் முடிந்தபிறகு போய்க் கேட்டேன். கடைசி வாரத்தில் நோயாளி அமைதியாக இருந்தாரா என்பது அதில் ஒரு கேள்வி. அவர் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலளிக்கவில்லை என்று போட்டேன்.

இது எப்படி வெளியே வந்தது என்று உங்களுக்குத் தெரியும். மாசியில் குரும்பலூரில் ஒரு காதுகுத்தில் மர்ஜியாவும் கவிதாவும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கஷ்டப்படாமப் போனாங்களாம்மா என்று மர்ஜியா கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

பாவாடை ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். படியில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்தார்.

"நான் ஒன்னக் கும்பிட்டேனேம்மா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

ஆய்வின் முடிவுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகத் தெளிவாக வந்தது. இவ்வளவு தெளிவாக வருவது அபூர்வம் என்றார்கள். தை மாதம் சென்னையில் அதை எடுத்துச் சொன்ன கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். இந்த வருடம் இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அரியலூருக்கு வருவதாக இருந்த நர்ஸ் வரவில்லை. பிறகு இந்த விசாரணை வந்ததும் பெரம்பலூர்ப் பக்கமும் நிறுத்தப்பட்டது. மர்ஜியாவுக்கு வேலை போய்விட்டது. இப்போது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

கடைசியாக நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதைத் தடுக்க வழி ஏதும் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. பயிற்சியின் கடைசி நாளில் பாலசுந்தரம் சார் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "நம்ம ஆராய்ச்சிக்காக ஒருத்தரும் துடிக்கக் கூடாது. நடுவுல எண்களை நான் பாக்க மாட்டேன், பாக்கவும் கூடாது. அதனால நீங்கதான் எனக்குக் கண்ணு. ஏழுக்கு மேல யாராச்சும் சொன்னா ஒரு போன் பண்ணுங்க. மறுநாளே டாக்டர் வேன் அங்க நிக்கும். அந்தக் கேசைக் கணக்குலேருந்து எடுத்துரலாம்."

அவர் தெளிவாகத்தான் சொன்னார். நானும் தெளிவாகத்தான் கேட்டேன். போன் நம்பர் என்னிடம் இருந்தது. வெளியாள் யாரும் என்னைத் தடுக்கவில்லை. முதல் நாள் அந்த அம்மா பத்தையும் தள்ளியபோதே போன் செய்திருக்கலாம். கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதால் செய்யவில்லை.

நீங்கள் சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். என் பக்கத்தில் ஏழுக்கு மேல் சொன்னவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. திருமழபாடியில் ஒருவர், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர், இன்னும் சிலர். சிலருக்கு வயது குறைவு. எல்லோருக்கும் போன் செய்திருந்தால் என் பக்கத்தில் கணக்கில் வைக்க யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். நான் யாருக்காகவும் போன் செய்யவில்லை. அவர்கள் வீட்டாருக்கு இன்னும் தெரியாது. என்னை நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். விதி மீறப்பட்டதால் சின்னப்பிள்ளை அம்மாவின் எண்களை நீக்கிவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து நீக்காதீர்கள். அவற்றில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. எல்லாம் அந்த அம்மா தந்தவை. அவர் பட்டது வீணாகிவிடக் கூடாது. அதைப் பற்றிக் கவலைப்படுகிறவள் இப்போது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.